குதிரைக்குத் தீனி யார் போடுவது? நாடோடிக் கொள்ளையர் நாடு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கத்தில் மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுத உட்காருகிறவர்களில் பாதிப்பேர் கையில் ஒரு குதிரைப்படை நாடு இருக்கிறது. மலைமேல் கோட்டை, அடிவாரத்தில் சமவெளி, வடக்கிலிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு வரும் கொள்ளையர். சேர்வராயன் மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி தானாகவே வந்துவிடும். காட்சியில் குறையில்லை. அந்தக் குதிரைகள் என்ன தின்கின்றன என்றுதான் யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்காமல் எழுதியவர்கள்தான்.

எழுத்துப்பிழை, நடுவில் மாறிப்போகும் ஆள்பெயர் போன்றவற்றை இங்கே தொடவில்லை. அவை இரண்டாம் வாசிப்பில் தாமே அகப்படும்.

ஒரு வீரனுக்கு ஒரு குதிரை

இதைப் படிக்கும்போது இன்னமும் எரிச்சல் வருகிறது. சமீபத்தில் வந்த ஒரு கையெழுத்துப் படியில் நாயகன் பொழுது சாய்ந்ததும் கிளம்புகிறான், இரவு முழுக்க நாலுகால் பாய்ச்சலில் வருகிறான், ஏற்காடு ரோடு மாதிரி 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறான், விடியற்காலையில் சண்டை போடுகிறான். எல்லாம் ஒரே குதிரையில்! முழுப் பாய்ச்சலில் குதிரை மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடினாலே மூச்சு வாங்கும். நடையும் சிறு ஓட்டமுமாக, இடையில் தண்ணீர் காட்டி, மேயவிட்டுப் போனால் நாளுக்கு 40, 50 கிலோமீட்டர் போகலாம். மலை ஏற்றத்தில் அதுவும் குறையும்.

மங்கோலியர் அவ்வளவு தூரம் போனது எப்படி? ஆளுக்கு மூன்று முதல் ஐந்து குதிரை. ஒன்று களைத்ததும் சேணத்தை மாற்றி அடுத்ததில் ஏறுவார்கள். இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தப்பைச் செய்கிறார்கள்: பத்தாயிரம் வீரரைக் கொண்டுவந்து, மலைக்கோட்டையைச் சுற்றி ஆறு மாதம் முற்றுகை போட்டு உட்காரவைக்கிறார்கள்.

கணக்குப் போடுங்கள். ஆளுக்கு நான்கு என்றால் 40,000 குதிரை. குட்டையான புல்வெளிக் குதிரை ஒன்றுக்கு நாளுக்குச் சுமார் 8 கிலோ காய்ந்த புல். மொத்தம் 320 டன். வறண்ட புல்வெளியில் ஒரு ஹெக்டேரில் ஒரு டன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியை விட்டுவைத்தால்தான் மறுபடி துளிர்க்கும். அப்படியானால் ஒரே நாளில் 640 ஹெக்டேர் காலி, அதாவது 1,580 ஏக்கர். முப்பது நாளில் 192 சதுர கிலோமீட்டர். சேலத்திலிருந்து ஓமலூர் வரையுள்ள தூரத்தை ஒரு பக்கமாக வைத்துச் சதுரம் போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு இடம் மொட்டையாகிவிடும். தண்ணீர், வெயிலில் குதிரைக்கு 30 லிட்டர் வீதம், நாளுக்கு 12 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி நூறு லோடு. சித்திரை மாதத்தில் எந்த ஏரி அதைத் தாங்கும்?

கொள்ளு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கொள்ளு விதைக்க வயல் வேண்டும். வயலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவன் நாடோடி இல்லை.

1241-ல் மோஹி போரில் ஹங்கேரியை அடித்து நொறுக்கிய மங்கோலியப் படை, மறு ஆண்டே திரும்பிப் போனது. பேரரசர் ஒகதேய் இறந்தது காரணம் என்பது ஒரு கட்சி. அவ்வளவு குதிரைக்கு அந்தச் சமவெளியின் புல் போதாது என்பது இன்னொரு கட்சி. கதை எழுதுகிறவருக்கு இரண்டாவது கட்சிதான் லாபம். புல் தீர்ந்தால் படை பிரியும், பிரிந்தால் தனித்தனியாக அடிபடும், அடிபட்டால் தலைவர்களுக்குள் சண்டை வரும். கோட்டைக்காரன் செய்ய வேண்டியதெல்லாம் படை வரும் முன் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதுதான்.

ஆகவே முதலில் புல்வெளியை வரையுங்கள். அது எத்தனை குதிரையைத் தாங்கும் என்று பாருங்கள். வீரர் எண்ணிக்கை அதற்கப்புறம். கடைசியில் பருவம்: பனிக்காலம் முடியும்போது குதிரை எலும்பும் தோலுமாக இருக்கும், பெட்டைகள் குட்டி போடும் நேரமும் அதுதான். கோடையெல்லாம் மேய்ந்து கொழுத்தபின் இலையுதிர்காலத்தில்தான் கொள்ளைக்குக் கிளம்புவார்கள். சீனத்தின் தாங் அரசர்கள் வடக்கு எல்லையில் ‘இலையுதிர்காலக் காவல்’ என்றே படை நிறுத்தியது அதனால்தான்.

அடித்துவிட்டு எப்படித் திரும்புகிறார்கள்?

கொள்ளைக் காட்சி எல்லோருக்கும் நன்றாக வருகிறது. திரும்பும் வழியை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. போகும்போது வேகம் குதிரையுடையது. திரும்பும்போது ஓட்டிவரும் மாட்டினுடையது, மணிக்கு 3, 4 கிலோமீட்டர். பறிகொடுத்தவன் துரத்திப் பிடிக்க நேரம் தாராளமாக இருக்கிறது. நம் இலக்கணம் கவர்வதை வெட்சி என்றும் மீட்பதைக் கரந்தை என்றும் பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களில் ‘தொறு’ என்று வருவது மாட்டு மந்தைதான். அதைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் உண்டு. கொள்ளையன் எப்படிப் பேசுவான் என்று தெரியாமல் வெளிநாட்டுச் சாயலில் வசனம் எழுதுகிறவர்கள் அந்தக் கற்களின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

ஆடு இல்லாத நாடு

குதிரை பெருமைக்கும் போருக்கும். சோறு போடுவது ஆடு. பால், கறி, சாணம், கூடாரத்தின் மேல் போர்த்தும் கம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். கம்பளியை அடித்து, அடுக்கடுக்காகப் பரப்பி, வெந்நீர் தெளித்து, கழியில் சுருட்டி, குதிரையின் பின்னால் கட்டி இழுத்தால் கம்பளம் இறுகும். நம்மூர் மேச்சேரி ஆட்டை அப்படியே கொண்டுபோய் அங்கே விடாதீர்கள். அதன் உடம்பில் இருப்பது முடி, கம்பளி இல்லை. கறிக்கும் தோலுக்கும் வளர்ப்பது. அதை நம்பினால் உங்கள் நாட்டுக்குக் கூடாரம் கிடையாது.

கொள்ளை ஒன்றே தொழில்

இரும்பு, தானியம், துணி மூன்றும் வெளியிலிருந்து வரவேண்டும். பாதி நாள் சந்தை, பாதி நாள் சண்டை. சியோங்னுக்கள் என்ற புல்வெளி நாடோடிகள் சீனத்தின் ஹான் அரசரிடம் பட்டும் தானியமும் ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டார்கள். வரத்து குறைந்தால் எல்லையில் புகை கிளம்பும். சந்தை இல்லாத கொள்ளையர் நாடு ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது.

மழையில் வில்

நாடோடியினுடையது கொம்பும் நரம்பும் பசை போட்டு ஒட்டிய வில். ஈரத்தில் பசை விட்டுப்போகும். மழைக்கால ஏற்காட்டு மூடுபனியில் உறையிலேயே இருக்கட்டும்.

பெண்கள் எங்கே?

ஆண்கள் கொள்ளைக்குப் போய்விட்டால் முகாமைப் பிரித்து, வண்டியில் ஏற்றி, மந்தையை ஓட்டி, அடுத்த இடத்தில் இறக்குவது அவர்கள். கோடையில் பெட்டைக் குதிரையிடம் நாளுக்கு ஐந்தாறு தடவை பால் கறக்க வேண்டும், குட்டியைப் பக்கத்தில் கட்டி வைத்தால்தான் சுரக்கும். இவ்வளவு வேலையையும் எழுதாமல் நிலா வெளிச்சத்தில் நடனம் மட்டும் எழுதுவார்கள்.

குதிரையின் உயரம்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள். எவ்வளவு குடிக்கிறது, எப்படிக் கடிக்கிறது, எதற்கு மிரள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். புல்வெளிக் குதிரை கட்டையானது, தோள் உங்கள் நெஞ்சு மட்டத்தில்தான் வரும்.

லாடம்

புல்வெளிக் குதிரைக்குப் பெரும்பாலும் கிடையாது. குளம்பொலி ‘டக் டக்’ வேண்டாம்.

பெயர்

கான் என்பது பட்டம். ஊரில் எல்லோருக்கும் வைக்காதீர்கள்.