ஹெச்டிஎம்ஐயா, டிஸ்ப்ளே போர்ட்டா: மானிட்டரில் படம் மாறித் தெரிந்தால் எங்கே பார்ப்பது?

ஹெச்டிஎம்ஐயில் படம் வெளிறித் தெரிகிறது, அதே மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட்டில் பளிச்சென்று இருக்கிறது என்றால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். கணினியை மானிட்டரோடு இணைக்கும் டிவிஐ, ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் மூன்றுமே ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் எண்ணாகத்தான் அனுப்புகின்றன. எண் ஒன்றாக இருந்தால் படமும் ஒன்றுதான். கேபிள் கெட்டால் படம் மங்காது. புள்ளி புள்ளியாக மின்னும், அல்லது திரை ஓரிரு நொடி அணைந்து வரும். வெளிறல் செட்டிங் கோளாறு.

ஒப்பிடும் முன், மானிட்டர் மெனுவில் இரண்டு இன்புட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பல மானிட்டர்கள் ஒவ்வொரு இன்புட்டுக்கும் பிரைட்னஸ், ஷார்ப்னஸ், பிக்சர் மோடைத் தனியே நினைவில் வைத்திருக்கும். அவற்றை ஒன்றாக்காமல் ஒப்பிடுவது வீண் வேலை.

அடுத்தது கலர் ரேஞ்ச். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். கணினிக்குக் கறுப்பு 0, வெள்ளை 255. டிவி வழக்கத்தில் 16 முதல் 235 வரை. ஹெச்டிஎம்ஐயில் செருகிய மானிட்டரை கிராபிக்ஸ் கார்டு சில சமயம் டிவி என்று எடுத்துக்கொண்டு 16–235 அளவில் அனுப்பிவிடும். 0–255 எதிர்பார்க்கும் மானிட்டரில் கறுப்பு சாம்பலாகிவிடும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சேஞ்ச் ரெசல்யூஷன் பக்கத்துக்குப் போய், அவுட்புட் கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) என்றும் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ஃபுல் என்றும் மாற்றுங்கள். ஏஎம்டியில் பிக்சல் ஃபார்மட்டில் ஃபுல் ஆர்ஜிபி. மாற்றிய பிறகு இருண்ட காட்சிகளில் நிழல் விவரமெல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டால், மானிட்டர் இன்னும் டிவி அளவை எதிர்பார்க்கிறது. அதன் மெனுவில் பிளாக் லெவல் அல்லது ஆர்ஜிபி ரேஞ்சையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

படம் நன்றாக இருந்து எழுத்து மட்டும் கலங்கினால் காரணம் 4:2:2 அல்லது 4:2:0 என்னும் கலர் ஃபார்மட். இவற்றில் பக்கத்துப் பிக்சல்கள் நிறத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்தை வைத்துப் பாருங்கள்: விளிம்பு கசிந்தால் அதுதான். ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் தரும் ஆர்ஜிபி அல்லது 4:4:4க்கு மாற்றுங்கள். விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கம், இப்போது எந்த ஃபார்மட், எத்தனை பிட் (நிறத்தின் நுணுக்கம்), எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது) என்று காட்டும்.

அந்த மாற்றம் பட்டியலிலேயே இல்லையென்றால் போர்ட்டின் கொள்ளளவு போதவில்லை. ஹெச்டிஎம்ஐ 1.4ல் 4கே 30 ஹெர்ட்ஸ்தான். மவுஸ் இழுபடுவது கண்ணுக்கே தெரியும். ஹெச்டிஎம்ஐ 2.0, நொடிக்கு 18 ஜிகாபிட், 4கே 60 ஹெர்ட்ஸை 8 பிட்டில் முழுமையாகத் தரும். 10 பிட் வேண்டுமென்றால் 4:2:2க்கு இறங்க வேண்டிவரும். டிஸ்ப்ளே போர்ட் 1.4 சுருக்காமலே 4கே 120 ஹெர்ட்ஸ் வரை 8 பிட்டில் போகும். சிங்கிள் லிங்க் டிவிஐ 1920×1200, 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

டிஸ்ப்ளே போர்ட் கேபிள் வாங்கும்போது 20ஆவது பின் இணைக்கப்படாததாகப் பாருங்கள். இணைத்திருந்தால் மானிட்டரின் 3.3 வோல்ட் கார்டுக்குள் ஏறும். சில கணினிகள் பூட் ஆகவே திணறும். சாதாரண அடாப்டர், கணினியின் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து மானிட்டரின் ஹெச்டிஎம்ஐக்கு மட்டுமே வேலை செய்யும். அதற்கும் அந்த போர்ட் ஹெச்டிஎம்ஐ சிக்னலையும் அனுப்பக்கூடிய டூயல் மோடாக இருக்க வேண்டும். எதிர்த்திசைக்கு மின்சாரம் எடுத்து இயங்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் தேவை.