மட்டக்களப்பிலிருந்து தோஹா: பயண நேரத்தைக் கணக்குப் போடுவது எப்படி?

டிக்கெட்டில் கொழும்பு 10.00, தோஹா 12.30 என்று இருந்தால், இரண்டரை மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டாருக்கு வெளிக்கிடுகிற பலர் முதலில் குழம்புவது இங்கேதான்.

1. டிக்கெட்டில் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். கட்டுநாயக்காவுக்கு சி.எம்.பி., தோஹாவுக்கு டி.ஓ.எச். ஊர்ப்பெயர் மட்டும் போதாது. லண்டன் என்றால் ஹீத்ரோவும் இருக்கிறது, கேட்விக்கும் இருக்கிறது. (நம்முடைய மட்டக்களப்புக்கும் பி.டி.சி. என்று ஒன்று உண்டு. 2018இல் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரும் கிடைத்தது. பெயர்தான்.)

2. கம்ப்யூட்டரில் கூகுள் மேப்பைத் திறந்து, கட்டுநாயக்கா விமான நிலையத்தின்மேல் மவுசின் வலப்பக்கத்தை அழுத்துங்கள். வரும் பட்டியலில் தூரம் அளப்பதைத் தெரிவு செய்து, தோஹா ஹமாட் விமான நிலையத்தில் கிளிக் பண்ணுங்கள். ஏறக்குறைய 3,600 கி.மீ. ஹீத்ரோ என்றால் 8,700 அளவில் வரும். கோடு வளைந்து தெரிவது பிழையல்ல. தோடம்பழத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் குறுக்குவழி. தோலை உரித்துத் தட்டையாக விரித்தால் அதே வழி வளைந்துவிடும்.

3. தூரத்தை 850ஆல் பிரியுங்கள். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வரை பறக்கும். ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டுங்கள். தோஹாவுக்கு நாலே முக்கால் வரும். டிக்கெட்டில் ஐந்து என்று இருப்பது, ஓடுபாதை வரை உருண்டு போகிற நேரத்தையும் சேர்த்துப் போடுவதால்தான். லண்டன் பயணத்தில் காற்றையும் பார்க்க வேணும். உயரத்தில் பலமான காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால், போகும்போது கூடுதலாகவும் திரும்பும்போது குறைவாகவும் எடுக்கும்.

4. இனிக் கடிகாரம். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான். கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னே. ஆகவே போகும்போது வித்தியாசத்தைக் கூட்டுங்கள்: 10.00இலிருந்து 12.30 வரை இரண்டரை, அதோடு இன்னொரு இரண்டரை, மொத்தம் ஐந்து. வரும்போது கழியுங்கள்: இரவு 8.00க்கு ஏறி விடிய 3.15க்கு இறங்கினால், ஏழே காலில் இரண்டரை போக நாலே முக்கால். லண்டனுக்கு மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை, மற்ற மாதங்களில் ஐந்தரை.

5. இது டிக்கெட்டில் இராது: மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கா வரை. மேப்பில் நேர்கோடாக 200 கி.மீ. சொச்சம்தான். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வேனில் போனால் ஏழு மணித்தியாலம் வையுங்கள். தோஹாவுக்குப் பறப்பதைவிட இது நீளம்!

15ஆம் திகதி அதிகாலை 2.30க்கு விமானம் என்றால், மூன்று மணித்தியாலம் முந்தி, 14ஆம் திகதி இரவு 11.30க்கே அங்கே நிற்க வேணும். வழியில் சாப்பிட ஒரு மணித்தியாலம் விட்டால், 14ஆம் திகதி பின்னேரம் 3.30க்கு வேன் வாசலை விட்டு வெளிக்கிட வேணும். வேன்காரரிடம் "15ஆம் திகதி" என்று சொல்லிவிடாதீர்கள்.