ஷிரோவின் பிஷப் பலியை உங்கள் என்ஜின் கண்டுபிடிக்கிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

1998 லினாரெஸ் சதுரங்கப் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் டோபலோவுக்கு எதிராக கிராண்ட்மாஸ்டர் ஷிரோவ் தன் பிஷப்பைச் சும்மா கொடுத்து ஆடிய 47ஆவது நகர்வு, சதுரங்க என்ஜின்களை (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களை) நெடுங்காலம் திணறடித்தது. என்ஜின் தேடும் விதம் புரிய, இதைவிட நல்ல நிலை எனக்குத் தெரியவில்லை.

1. காய்களை அடுக்குங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. ஆட வேண்டியது கறுப்பு. விடை: பிஷப் எச்3க்குப் போவது.

2. ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜினைக் கணினியில் இறக்கி, பலகையைக் காட்டும் அரீனா என்ற மென்பொருளில் இணையுங்கள். உலாவியிலேயே ஓடும் பலகைகளை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹாஷ் (என்ஜின் தேடிப் பார்த்த நிலைகளைப் பதிந்துவைக்கும் நினைவகம்) அளவு முதலில் 16 எம்பிதான் இருக்கும்; 1024 ஆக்குங்கள். திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் தேடல்களின் எண்ணிக்கை) ஒன்றே போதும். பல திரெட் வைத்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம் மாறும், ஒப்பிடவே முடியாது.

3. ஓடவிட்டுக் கவனியுங்கள். பலரும் குழம்பும் இடம் இதுதான். ஆழம் 30 என்று திரையில் வந்தால் எல்லா நகர்வுகளையும் 30 அடி (இரு பக்க நகர்வுகளையும் தனித்தனியே எண்ணி) பார்த்துவிட்டதாக அர்த்தமில்லை. நல்லதாகத் தோன்றுபவற்றை என்ஜின் ஆழமாகத் தேடும். வரிசையில் பின்னால் நிற்பவற்றை மேலோட்டமாகப் பார்த்து ஒதுக்கும். பிஷப்பைச் சும்மா கொடுக்கும் நகர்வு பின்வரிசைக்குத்தான் போகும். அதன் பலனோ மிகத் தாமதமாகவே தெரியும்: வெள்ளை பிஷப்பை வெட்டியதும் கறுப்பு ராஜா எஃப்5 வழியாக இ4க்கு ஓடுகிறது, வெள்ளை ராஜா இ3க்கு வந்து மறிக்க ஒரு நகர்வு குறைகிறது, பிறகு டி, ஏ சிப்பாய்கள் இரண்டையும் ஒரே பிஷப் தடுக்க முடியாது.

4. நீண்ட நேரமாகியும் விடை வரவில்லையா? பிஷப் எச்3, ஜி2 சிப்பாய் அதை வெட்டுவது என இரு நகர்வுகளையும் நீங்களே ஆடி, என்ஜின் காட்டும் மதிப்பெண் கறுப்புக்குச் சாதகமாக உயரும்வரை காத்திருங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பின்வாங்குங்கள். ஹாஷில் பதிந்ததை வைத்து என்ஜின் பிஷப் எச்3ஐ மேலே கொண்டுவரும். ஆட்டத்தை ஆராய இது அருமையான வழி. என்ஜினின் திறமையை அளக்க உதவாது.

5. நகர்வு தோன்றிய நொடியில் நிறுத்தாதீர்கள். அது முதலிடத்திலேயே நிலைக்க வேண்டும், என்ஜின் காட்டும் நகர்வு வரிசையில் கறுப்பு ராஜா இ4க்குப் போக வேண்டும். இல்லையென்றால் அதைத் தீர்வாக நான் கணக்கில் எடுப்பதில்லை.

பிற்சேர்க்கை: இரண்டாம் முறை ஓட்டும்போது விடை உடனே வந்துவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். முந்தைய ஓட்டத்தின் ஹாஷ் அழியாமல் இருப்பதே காரணம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு ஹாஷை அழியுங்கள், அல்லது என்ஜினை மூடிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள்.