சங்கிலித் தையல்: அவசரக் கைகளுக்கு ஒரு முதல் பாடம்

கைவேலை தெரிந்த குடும்பத்தில் பிறந்தவருக்குத் தையல் தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பாம்பன் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பத்தா பனையோலைப் பெட்டி முடைவார், சித்தப்பா கிழிந்த வலையைச் சரிசெய்வார், அக்கா ரவிக்கைக்கு ஆரி வேலை, அதாவது கொக்கி முனை ஊசியால் போடும் பூவேலை, செய்வாள். இத்தனை பேருக்கு நடுவே புதிதாக ஊசி பிடிப்பவருக்கு முதல் நாளிலேயே அவர்களுடைய வேகம் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அவசரம் வேலையைக் கெடுக்கும் இடங்கள் சிலவே. அவற்றை மட்டும் கவனித்துக்கொண்டால், நூல் கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துச் சங்கிலிபோல் நீளும் இந்தச் சங்கிலித் தையல் பொறுமை குறைந்தவருக்கும் நிச்சயம் வரும்.

ஆரி ஊசி போடுவதும் சங்கிலித் தையலே. ஆனால் அங்கே துணி சட்டத்தில் நாற்புறமும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நூல் துணிக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். கொக்கி முனை மேலிருந்து இறங்கி அந்த நூலைக் கண்ணியாக மேலே இழுத்துவரும். காதுள்ள ஊசியிலோ, கோத்த நூல் முழுவதும் ஒவ்வொரு தையலுக்கும் துணியைக் கடந்து போய்வர வேண்டும். இரண்டின் வேகத்தையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இருந்தாலும் சாதாரண ஊசியிலேயே தொடங்குங்கள் என்பேன், ஏனெனில் ஒரு கண்ணி அடுத்த கண்ணியை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பது அதில்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

துணிக்கு ஒரு முறை அலசிக் காயவைத்த காடாத் துணி போதும். பழைய வேட்டி மெலிந்திருப்பதால் சுருங்கிவிடும். ரிங் என்று கேட்டால் கடையில் கிடைக்கும் மர வளையத்தில் 6 அங்குலமே எனக்குப் பிடித்தது, கையில் பிடித்தபடியே விரல் நடுப்பகுதி வரை எட்டும். அதன் உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிக்கொண்டால் துணி நழுவாது. எம்பிராய்டரி ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலிதாகும். மூன்று இழைக்கு 6 அல்லது 7ஆம் எண் பொருந்தும்.

நூலில்தான் முதல் அவசரம் தலைகாட்டும். ஆங்கர் என்ற பெயரில் விற்கும் எம்பிராய்டரி நூல் ஒரு கட்டில் 8 மீட்டர் இருக்கும், அது 6 இழைகள் சேர்ந்த நூல். அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பி நீளமாக வெட்டுகிறவர்கள் பலர். நீள நூல் ஒவ்வொரு முறையும் துணியில் உரசி நைந்துபோகும், பாதியிலேயே சிக்கும், சிக்கெடுக்கும் நேரத்தில் மூன்று முறை ஊசி கோத்துவிடலாம். ஒரு முழம் போதும். வெட்டிய நூலிலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி எடுத்து, மூன்றை மீண்டும் சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒன்றாகப் பிரித்தால் மீதி நூல் முறுக்கிக்கொள்ளும்.

முதல் வரைவுக்கு ஒரு சங்கின் சுருளை எடுத்துக்கொள்ளலாம், சங்கிலித் தையலுக்கு வளைவு நன்றாகப் பொருந்தும். வெள்ளைத் துணியில் பென்சிலால் மெல்லிய கோடு போதும். அலுவலகக் கறுப்புக் கார்பன் வேண்டாம், நூலில் அப்பிக்கொள்ளும். துணியை வளையத்தில் மாட்டி, விரலால் சுண்டினால் சிறு பறைபோல் ஒலிக்கும் வரை இறுக்குங்கள்.

இனி வருவதுதான் பெரும்பாலானோர் நின்றுபோகும் படி. ஒரே அசைவில் ஊசியை இறக்கி ஏற்றும் அள்ளுத் தையலைப் பார்த்துவிட்டு, இறுக்கிய வளையத்தில் அதையே செய்ய முயல்கிறார்கள். இறுகிய துணி வளைந்து கொடுக்காது, ஊசிதான் வளையும். வளையத்தில் இதை இரண்டு அசைவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நூலைக் கோட்டின் தொடக்கத்தில் மேலே கொண்டுவந்து, வந்த துளையிலேயே ஊசியை மீண்டும் கீழே இறக்குங்கள். நூலை முழுவதும் இழுத்துவிட்டால் தையலே காணாமல் போய்விடும் என்பதால், ஒரு சிறு கண்ணி மேலே நிற்கும்படி இடது கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கோட்டின்மேல் 3 மில்லிமீட்டர் தள்ளி, அந்தக் கண்ணிக்கு உள்ளே ஊசியை மேலே எடுத்து, நூல் வந்து அமரும் வரை மட்டும் இழுங்கள். அடுத்த தையலுக்கு ஊசி இறங்க வேண்டிய இடம் இப்போது நூல் வெளிவந்த அதே துளை, அதாவது கண்ணியின் உட்புறம். வெளியே இறக்கினால் சங்கிலி அறுந்து தனித்தனி இதழ்களாகத் தெரியும்.

"நூல இழுக்காத ஆத்தா, கூட்டிட்டுப் போ" என்பார் அப்பத்தா. கண்ணி உருண்டையாக நிற்க வேண்டும். ஒடுங்கிக் கோடாகிவிட்டால் நீங்கள் கூடுதலாக இழுக்கிறீர்கள் என்று அறியலாம், துணியும் விரைவில் சுருங்கத் தொடங்கும். வளைவு நெருங்க நெருங்கத் தையலின் நீளத்தை 2 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள். நூல் முறுக்கிக்கொண்டால் வளையத்தைத் தலைகீழாகப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள், முறுக்கு தானே அவிழும். முடிவில் கடைசிக் கண்ணியின் தலைக்கு வெளியே ஒரு சிறு தையல் போட்டு, பின்பக்கத்தில் நான்கைந்து தையல்களுக்கு அடியே நூலை நுழைத்து வெட்டிவிடலாம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியில் குத்தி வைக்காதீர்கள், அந்த இடத்தில் பழுப்புக் கறை விழும். மூடியுள்ள சிறு டப்பாவில் வையுங்கள். துரு ஏறிய ஊசி நூலை அறுக்கும் என்பதால் அதைத் தூக்கிப்போடத் தயங்க வேண்டாம். கை வியர்ப்பவர்கள் சிறிது பவுடர் தடவிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் தடம் துணியில் நிற்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த சிலர் இரண்டு ஐயங்களை எழுப்பினார்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர், கற்றுத்தருபவரின் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார வேண்டும், அப்போது அவருடைய கை கண்ணாடியில் தெரிவதுபோல உங்கள் கைக்கு நேராக வரும். சிவப்பு நூல் சாயம் விடுகிறது என்று எழுதியவர்கள், தைப்பதற்கு முன் ஓர் இழையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். துவைக்கும்போது ஊறவைக்காமல், நம் ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரைத் தவிர்த்துக் கடைசி அலசலையாவது நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் முழுவதும் காய்வதற்குள் துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தில் இஸ்திரி போடுங்கள். முன்பக்கத்தில் போட்டால் கண்ணிகள் நசுங்கிவிடும்.