லாவோஸ் மலைப் பஸ்ஸில் ஏறும் முன்: பலரும் செய்கிற தவறுகள்

போ கூன் சந்திப்பில் கிழக்கே திரும்பி, 7ஆம் எண் சாலையில் போன்சவனை நோக்கிப் போகிற பஸ் ஏதாவது ஒரு மலைத் திருப்பத்தில் நிற்கும். டிரைவர் இறங்குவார். பின்னாலேயே பாதி பஸ் இறங்கும். கழிப்பறை எல்லாம் கிடையாது, ரோட்டோரம்தான். சின் என்கிற நீளப் பாவாடை கட்டிய பெண்கள் அதையே மறைப்பாக்கிக்கொண்டு, ரோட்டை ஒட்டியே உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள். ஆண்கள் தார் முடிகிற இடத்தில் முதுகைக் காட்டி நிற்பார்கள். மறைவு தேடிப் புதருக்குள் இறங்குகிறவர் பெரும்பாலும் ஒருவர்தான்: முதுகுப்பையோடு வந்த வெளியூர்க்காரர்.

என் முதல் பயணத்தில் அந்த ஆள் நான்தான். பத்தடி கூட இறங்கியிருக்க மாட்டேன். கூடையோடு பக்கத்து சீட்டில் வந்த பாட்டி மேலேயிருந்து "போ டாய், போ டாய்" என்று சத்தம் போட்டார். கூடாது என்று அர்த்தம். கூடவே "பொம்பி" என்று ஒரு சொல். அது மட்டும் புரிந்தது. வைத்த காலடியிலேயே திரும்பக் கால் வைத்து மேலே ஏறி வந்தேன்.

லாவோஸின் வடகிழக்கில் சியாங் குவாங், ஹுவாபன் மாகாணங்களை லோக்கல் பஸ்ஸிலேயே சுற்ற நினைப்பவர்கள் செய்கிற தவறுகளில் இதற்குத்தான் முதலிடம்.

ரோட்டை விட்டு இறங்குவது

வியட்நாம் போர்க் காலத்தில், 1964 முதல் 1973 வரை, அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது ஏறக்குறைய 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. அதில் கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. இவற்றில் பத்துக்கு மூன்று வெடிக்கவில்லை என்பது கணக்கு. அதாவது எட்டுக் கோடி வரை மண்ணிலேயே தங்கிவிட்டன. போர் ஓய்ந்த பிறகு மட்டும் 20,000 பேருக்கு மேல் இவற்றால் செத்திருக்கிறார்கள், அல்லது ஊனமாகியிருக்கிறார்கள்.

இந்தச் சிறு குண்டுக்குத்தான் ஊரில் பொம்பி என்று பெயர். டென்னிஸ் பந்து அளவு. ஒரு ரகத்துக்கு அந்தக் காலத்திலேயே கொய்யா என்று பட்டப்பெயர் இருந்தது. ஐம்பது வருடத் துருவில் மண் நிறமாகவே மாறி, உருண்டைக் கல் மாதிரி கிடக்கும். குழந்தைகள் பந்து என்று எடுப்பது இதனால்தான்.

பலர் இதைக் கண்ணிவெடி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணிவெடியை மனிதர்கள் கையால் புதைக்கிறார்கள். எல்லை, முகாம், பாலம் என்று அதற்கு ஓரளவு கணக்கு உண்டு. இங்கே விழுந்தது வானத்திலிருந்து. வேறு இலக்குக்குப் போய் முடியாமல் தாய்லாந்துத் தளங்களுக்குத் திரும்பிய விமானங்கள் மிச்சக் குண்டுகளைப் போகிற வழியில் கொட்டிவிட்டுப் போனதும் உண்டு. அதனால் 'போர் நடந்த இடம்' என்று தனியாக ஓர் இடம் கிடையாது. வயல், பள்ளி மைதானம், மூங்கில் தோப்பு எல்லாம் ஒன்றுதான். கொத்துக்குண்டு என்ற சொல்லோ, சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்ட எச்சரிக்கையோ ஈழத்து வாசகர்களுக்குப் புதிதாக இராது. மற்றவர்கள்தான் அந்தப் பலகையைப் படம் எடுத்துவிட்டு அதைத் தாண்டி நடக்கிறார்கள்.

சரி, எங்கேதான் நடப்பது? தினமும் ஆள் நடந்து புல் தேய்ந்த பாதையில். மாடு போகிற தடம் போதாது, மனிதர் போகிற தடம் வேண்டும். போன்சவனுக்கு அருகில் உள்ள ஜாடிச் சமவெளியில் வெடிகுண்டு அகற்றும் அமைப்பான மேக் தரையில் சிறு கற்களைப் பதித்திருக்கிறது. பாதி வெள்ளை, பாதி சிவப்பு. வெள்ளைப் பக்கம் மண்ணுக்கு அடியிலும் சோதித்தது. சிவப்புப் பக்கம் மேற்பரப்பை மட்டும் பார்த்ததாகவோ, இன்னும் பார்க்காததாகவோ இருக்கும். படத்துக்கு நல்ல கோணம் எப்போதும் சிவப்புப் பக்கத்தில்தான் கிடைக்கும், அதை விட்டுவிடுங்கள். 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தக் கல் ஜாடிகள் மீது ஏறி உட்காருவதையும் விட்டுவிடுங்கள். 2,000 வருடத்துக்கு மேல் நிற்கிறவை, நம் ஒரு படத்துக்காக விரிசல் விட வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: நெருப்பு. கூடாரம் போட்டு, குளிருக்கு நாலு சுள்ளி வைத்துக் கொளுத்தினால், அடியில் ஒரு சாண் ஆழத்தில் புதைந்திருக்கும் பொம்பி சூட்டில் வெடிக்கலாம். கிராமங்களில் சமையல் நெருப்பாலேயே இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. ஆகவே இந்த மாகாணங்களில் கூடாரம், குழி, தீ மூன்றும் வேண்டாம். விடுதி அறை மலிவாகவே கிடைக்கும். சந்தேகமாக எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, ஊர்த் தலைவரிடம் சொல்லுங்கள்.

பஸ் போர்டில் ஊர்ப் பெயரைத் தேடுவது

வியன்டியானிலோ லுவாங் பிரபாங்கிலோ பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு 'போன்சவன்' என்று எழுதிய பஸ்ஸைத் தேடினால் பலமுறை கிடைக்காது. போர்டில் மாகாணப் பெயர்தான் இருக்கும்: சியாங் குவாங். அதேபோல் சாம் நுவா போகிற பஸ்ஸில் ஹுவாபன் என்று எழுதியிருக்கலாம்.

இதில் ஒரு கதை இருக்கிறது. பழைய சியாங் குவாங் என்பது தனி ஊர், புவான் மக்களின் பழைய அரசின் தலைநகர். குண்டுவீச்சில் அது தரைமட்டமானது. போருக்குப் பிறகு மாகாணத் தலைநகரைப் போன்சவனுக்கு மாற்றிப் புதிதாகக் கட்டினார்கள். அதனால்தான் போன்சவன் அகலத் தெருவும் கான்கிரீட்டுமாக, பழமையே இல்லாத ஊராக இருக்கிறது. 'ஒன்றுமே இல்லாத ஊர்' என்று ஒரே இரவில் கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள். சுமார் 30 கிலோமீட்டர் தென்கிழக்கே, இப்போது முவாங் கூன் என்று அழைக்கப்படும் பழைய ஊருக்குப் போய்ப் பாருங்கள். வாட் பியா வாட் கோயிலின் கூரையும் சுவரும் போய், செங்கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. நடுவே பெரிய புத்தர், முகம் சிதைந்து, வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார். இன்றும் அவர் முன்னால் ஊதுவத்தி புகைகிறது.

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதும் உண்டு. வியெங் தோங் என்ற பெயர் போலிகாம்சாய் மாகாணத்திலும் இருக்கிறது, ஹுவாபனிலும் இருந்தது. ஹுவாபன் ஊரை இப்போது முவாங் ஹியாம் என்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போது ஊரோடு மாகாணத்தையும் சேர்த்துச் சொன்னால் தப்பிக்கலாம். லாவோ எழுத்தில் ஊர்ப் பெயரை விடுதிக்காரரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிவைப்பது இன்னும் நல்லது. போனில் சிக்னல் இல்லாத இடத்திலும் தாள் வேலை செய்யும்.

கிலோமீட்டரை வைத்து நேரம் போடுவது

லுவாங் பிரபாங்கிலிருந்து போன்சவன் சுமார் 260 கிலோமீட்டர். நம் கணக்கில் ஐந்து மணி நேரம். பஸ் கணக்கில் எட்டு, மழைக்காலத்தில் எவ்வளவு என்று டிரைவருக்கே தெரியாது. போன்சவனிலிருந்து சாம் நுவாவும் அப்படித்தான்: 240 கிலோமீட்டருக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். மே முதல் அக்டோபர் வரை மண் சரிந்து ரோடு அடைபடும். மண் அள்ளும் வண்டி வரும்வரை எல்லோரும் இறங்கி நின்று கதை பேசுவார்கள், ஒட்டரிசிக் கூடை திறக்கும், உங்களுக்கும் ஒரு உருண்டை வரும். மறுநாள் காலை விமானம் என்று டிக்கெட் போட்டவருக்கு மட்டும் அது தொண்டையில் இறங்காது. விமானத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே முழுதாக ஒரு நாள் விடுங்கள்.

2021 டிசம்பரில் சீன ரயில் பாதை திறந்த பிறகு வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு இரண்டே மணி நேரம். அதைப் பார்த்துவிட்டு நாடு முழுக்க அப்படி என்று திட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரயில் வாங் வியெங், லுவாங் பிரபாங், முவாங் சாய் வழியாகச் சீன எல்லைக்குப் போகிறது. கிழக்கு மலைக்கு வராது. ரயில் வருவதற்கு முன் யாரோ எழுதிவைத்த பஸ் நேரப்பட்டியலையும் நம்பாதீர்கள். முந்தின நாள் மாலை நிலையத்துக்கே போய்க் கேட்பதுதான் ஒரே வழி. ஏழு மணி என்றால் ஆறரைக்கு அங்கே இருங்கள். ஆள் நிறைந்தால் முன்னாலேயே கிளம்பும், நிறையாவிட்டால் ஒன்பதுக்கும் நிற்கும்.

இரவு பஸ் பற்றி என் கருத்து ஒன்றுதான்: வேண்டாம். ஒரு இரவு விடுதிக் காசு மிச்சம் என்று ஏறுகிறார்கள். பனிமூட்டம், தடுப்பில்லாத விளிம்பு, தூக்கக் கலக்கத்தில் டிரைவர். போதாததற்கு, எதைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தோமோ அது இருட்டில் போய்விடும்.

பையும் பணமும் வயிறும்

பஸ் மேல் மோட்டார் சைக்கிள் ஏறும், அரிசி மூட்டை ஏறும், சில நாள் கோழியும் ஏறும். உங்கள் பையும் அவற்றோடுதான். மழைக்கும் தூசிக்கும் ஒரு தார்ப்பாய் உறை போட்டுவிட்டு, பாஸ்போர்ட், பணம், மாத்திரை, ஒரு ஸ்வெட்டர் நான்கையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு ஆசியா என்றாலே வெயில் என்று ஸ்வெட்டர் இல்லாமல் வருகிறார்கள். போன்சவன் சுமார் 1,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை பல் கிடுகிடுக்கும், பஸ் ஜன்னலோ மூடாது.

கண்டக்டர் பிளாஸ்டிக் பை நீட்டினால் வாங்கிவையுங்கள். அது வாந்திக்கு. கொண்டை ஊசி வளைவுகளில் உள்ளூர்க்காரர்களே அதிகம் எடுப்பார்கள். பின் சீட்டைத் தவிருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம்.

பணம்: கிப் சில வருடங்களாக விழுந்து விழுந்து, டாலருக்கு இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. நோட்டுக் கட்டு தடிமனாக இருக்கும், ஆனால் சோங்தேவ் என்கிற இரட்டை பெஞ்ச் வண்டிக்காரரிடம் பெரிய நோட்டு நீட்டினால் சில்லறை இராது. மாகாணத் தலைநகரில் ஏடிஎம் உண்டு, நடுவழி ஊர்களில் நம்ப முடியாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பாதெக் என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். புளிக்கவைத்த மீன் குழம்பு அது, காய்கறிக் கூட்டிலும் கலந்திருக்கும்.

எல்லையும் பேச்சும்

இதே மலையிலிருந்து வியட்நாமுக்குள் இறங்க நாம் கான், நாம் சோய் என்று இரண்டு வழி. இணையத்தில் எடுத்த விசாவை எந்தச் சாவடி ஏற்கும் என்பதற்கு இரு நாட்டிலும் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் மலை உச்சி வரை போய்த் திரும்பி வருவது இங்கே அடிக்கடி நடக்கும் கூத்து. தாண்டினாலும் அந்தப் பக்கம் பஸ் காத்திருக்காது, ஆகவே காலையிலேயே போய்ச் சேருங்கள்.

பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் 'உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் சண்டை போட்டது' என்று கேட்காதீர்கள். மலைவாழ் மோங் மக்களில் ஒரு பகுதியினர் சிஐஏ ஆதரவில் மோங் தளபதி வாங் பாவோவின் படையில் இருந்தார்கள், இன்னொரு பகுதியினர் கம்யூனிஸ்ட் இயக்கமான பதேத் லாவோவோடு இருந்தார்கள். ஒரே வீட்டிலும் இரண்டும் உண்டு. சாம் நுவாவுக்கு அருகில் உள்ள வியெங் சாய் குகைகளில் பதேத் லாவோ தலைமை ஒன்பது வருடம் குண்டுக்கு அடியில் ஓர் அரசையே நடத்தியது. மருத்துவமனை, நாடக அரங்கு, விஷவாயுத் தாக்குதலுக்காக இரும்புக் கதவும் காற்று வடிகட்டியும் வைத்த அறை, எல்லாம் பாறைக்குள்ளே. அதைக் காட்டுகிற வழிகாட்டி பெருமையோடு பேசுவார். அதே வட்டாரத்துக்குத்தான் 1977இல் கடைசி மன்னர் சவாங் வத்தனாவைச் சிறைமுகாமுக்கு அனுப்பினார்கள். அதை வழிகாட்டியிடம் துருவாதீர்கள், அவர் வாயைத் திறந்து பதில் சொல்லும் நிலையில் இல்லை. தாம் பியூ குகையில், 1968 நவம்பர் 24 அன்று ஏவுகணை பட்டு உள்ளே ஒளிந்திருந்த 374 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நினைவுப் பொருள் வாங்குவதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பான் நாபியா கிராமத்தில் போர்க்கால அலுமினியத்தை உருக்கி, மரமும் சாம்பலும் சேர்ந்த அச்சில் ஊற்றிக் கரண்டி வார்க்கிறார்கள். ஊற்றி, ஓரிரு நொடி பொறுத்து, அச்சைப் பிளந்தால் பளபளவென்று ஒரு கரண்டி. அதை வாங்கலாம். குண்டு உறை, தோட்டா, துருப்பிடித்த உருண்டை எதுவும் வேண்டாம். அவற்றுக்கு விலை கிடைக்கிறவரை யாராவது ஒரு பையன் அதைத் தேடி மண்ணைக் கிளறுவான். விமான நிலையத்திலும் மாட்டிக்கொள்வீர்கள்.

வியெங் சாயைச் சாம் நுவாவிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்ப நினைத்தால், இறங்கியதுமே சோங்தேவ்காரரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். முப்பது கிலோமீட்டர்தானே என்று விட்டால், மாலையில் சந்தை காலியாக இருக்கும். நான் அன்று மூங்கில் ஏற்றிய ஒரு லாரியின் முன் சீட்டில் திரும்பினேன். வாடகை என்று டிரைவர் கேட்டது இரண்டு சிகரெட், என்னிடம் அதுவும் இல்லை.