வன்னியில் தொழில் வாய்ப்பை மதிப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வட பகுதியான வன்னியில், கிளிநொச்சி நகரினூடாக ஏ-9 நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களைப் பார்த்துவிட்டு, அந்தச் சனமெல்லாம் தம் கடைக்கு வரும் என்று எண்ணுவது, அங்கு முதலிட வருவோர் பலர் செய்யும் தவறாகும். அவ்வாகனங்களில் செல்வோரிற் பலர் யாழ்ப்பாணத்துக்கும் தெற்குக்கும் இடையே போய்வருபவர்கள். தேநீருக்கு இறங்குவார்கள், தளபாடம் வாங்க இறங்கமாட்டார்கள். உள்ளூர்ச் சந்தையோ சிறியது: 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 113,000 பேரும் முல்லைத்தீவில் ஏறத்தாழ 92,000 பேருமே வாழ்ந்தனர்.

ஒரு மாத விற்பனையைப் பன்னிரண்டாற் பெருக்கி ஆண்டு வருமானம் காண்பது அதைவிடப் பெரிய தவறு. மாரி மழையில் விளையும் காலபோக நெல் விலைப்படும் மாசி, பங்குனியில் மோட்டார் சைக்கிளும் விற்கும், அடகுவைத்த நகையும் மீளும். கோடையில் செய்யும் சிறுபோகமோ குளத்து நீரைப் பொறுத்தது. இரணைமடுக் குளத்தில் நீர் குறைந்தால் வயல்களின் ஒரு பகுதியையே விதைக்க முடியும். ஊரில் புழங்கும் பணமும் அந்த அளவுக்குச் சுருங்கும். மாசியில் சந்தையைப் பார்த்தவர், விதைப்புச் செலவுக்குக் கடன் தேடும் ஐப்பசியிலும் வந்து பார்க்க வேண்டும்.

விற்றதெல்லாம் வரவு என்று கொள்வதும் ஆபத்தானது. உரமும் பலசரக்கும் அறுவடை வரை கொப்பிக் கணக்கில் போகும் இடத்தில், கடன் கொடாத கடைக்கு ஆள் வராது. கொடுக்கும் கடைக்கோ பல மாதங்கள் தாங்கக்கூடிய கைமுதல் வேண்டும். போருக்குப் பின் வந்த நிதி நிறுவனங்கள் சில, கடன் கேட்போரின் எண்ணிக்கையையே வளர்ச்சியின் அடையாளமாகக் கொண்டன. அக்கடன்கள் பல அடைபடாத நிலையில், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது.

காணியைப் பொறுத்தவரை, உறுதி (சொந்த உரிமைப் பத்திரம்) உள்ளதா, பெமிட் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) உள்ளதா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்காமல் முற்பணம் கொடுக்கக்கூடாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெமிட் காணியை, உரிமையாளர் விரும்பினாலும் நினைத்தபடி விற்க முடியாது.

“இங்கே இதை ஒருவரும் செய்யவில்லை” என்பதை வாய்ப்பாக மட்டும் பார்ப்பவர்கள், ஏன் செய்யவில்லை என்று கேட்பதில்லை. வன்னி நெல் வெளிமாவட்ட ஆலைகளுக்குப் போவதைக் கண்டு அரிசி ஆலை போட நினைப்பவர், இயந்திரத்தின் விலையை மட்டும் பார்க்கிறார். ஈர நெல்லை அறுவடை நேரத்தில் காசு கொடுத்து வாங்கவும், உலர்த்தவும், அடுத்த போகம் வரை களஞ்சியத்தில் வைத்திருக்கவும் வேண்டிய பணம் அந்தக் கணக்கில் இருப்பதில்லை.