அடைமழைக் காலத்தில் தூண்டில் ராடையும் ரீலையும் பராமரிக்கும் முறை

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூரில் கொடியில் போட்ட துணியே நாள்கணக்கில் காய்வதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் தூண்டில் போட்டுத் திரும்புகிறவர்களின், தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல்கள் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் கெடுகின்றன. மழையில் நனைந்ததால் உப்பு தானாகவே போயிருக்கும் என்று எண்ணி, என் முதல் ரீலைப் பையோடு கட்டிலுக்கு அடியில் வைத்தேன். தை மாதத்தில் எடுத்தபோது அதன் கைப்பிடி அசையவே இல்லை.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்குவதால், அலமாரிக்குள் வைத்த ரீலின் மீதும் உப்புநீர்ப் படலம் காயாமல் நின்று உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே வீடு திரும்பிய அன்றிரவே கழுவிவிட வேண்டும். முதலில் டிராக் திருகை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியேற வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் திருகை, இறுக்கிவிடுங்கள்; அப்போதுதான் உள்ளிருக்கும் வட்டுகளுக்குள் தண்ணீர் எளிதில் புகாது. பிறகு குவளையால் மெதுவாக நல்ல தண்ணீரை ஊற்றி, மெல்லிய துணியால் துடையுங்கள். ரீலை வாளியில் அமிழ்த்துவதும், குழாய்நீரை வேகமாகப் பீய்ச்சுவதும் உப்பை உள்ளே தள்ளிவிடும். உங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், பிடித்து வைத்த மழைநீரே மேல். கழுவி முடித்ததும் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள்; இறுகிய நிலையிலேயே நாள்கணக்கில் இருந்தால் வட்டுகள் நசுங்கிப்போகும்.

அடுத்து ராடை, அதாவது தூண்டில் கழியை, துண்டு துண்டாகக் கழற்றி, நரம்பு நுழைந்து செல்லும் வளையங்களின் அடிப்பகுதியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போட்டால் மேற்பூச்சு கொப்பளித்துவிடும். காய்ந்தபின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் கீறல் இருக்கிறது, அது தங்கூசி நரம்பை அறுக்கும்.

நன்றாக உலர்ந்த பிறகுதான் எண்ணெய். நரம்பு உருளும் உருளைக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டுப் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் அது உறையத் தொடங்கும், நாளடைவில் பிசுக்காகும். பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் இடுவதை ரீலைத் திறந்து பழகியவரிடம் விடுவதே புதியவர்களுக்கு நல்லது.

நனைந்த தூண்டில் முள்ளைக் காயாமல் முள் பெட்டியில் திரும்பப் போடாதீர்கள். அது கொண்டுவரும் ஈரத்தில் மற்ற முட்களும் துருப்பிடிக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டை முள் பெட்டிக்குள் வைக்கலாம்.

ஒரு வாரம் கழித்துக் கைப்பிடியை மெல்லச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். மணல் அரைபடுவதுபோல் ஒலித்தால், அடுத்த முறை கடற்கரைக்கு எடுத்துச் செல்லும் முன்பே அதைத் திறந்து சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள்.